உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு உங்கள் அன்றாடத்தில் எது திரும்பி வரவில்லை?

மட்டுவாவி (மட்டக்களப்பு)

ஏப்ரல் 21 வந்தால் எல்லாரும் மெழுகுதிரிப் படம் போடுகிறோம். சூத்திரதாரி யார், விசாரணை எங்கே நிற்கிறது என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், அதற்குத் தனி இழைகள் இருக்கின்றன. இங்கே வேறு ஒன்றைப் பேசலாம்.

2019இல் அந்த ஞாயிறு காலை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், எங்கள் ஊர் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள் என்று முஸ்லிம் தீவிரவாதிகள் சிலரின் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். சந்தைக்குப் போவது, பஸ்ஸில் யாருக்குப் பக்கத்தில் இருப்பது, பிள்ளையின் புத்தகப்பை, எந்தக் கடையில் துணி எடுப்பது, இதெல்லாம் அதற்குப் பிறகு எப்படி மாறியது என்று எழுதியவர்களைத்தான் அதிகம் காணோம். ஆளுக்கு ஒன்று எழுதினால்கூடப் போதும்.

நானே தொடங்குகிறேன். எனக்கு வேலை கல்முனைப் பக்கம். கல்லடிப் பாலம் தாண்டினால் நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், அப்புறம் காத்தான்குடி, ஆரையம்பதி. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், திரும்பவும் தமிழ் ஊர் என்று மாறிமாறி வரும் ஒரே வீதி. முன்பெல்லாம் பின்னேர பஸ்ஸில் காத்தான்குடி வந்தால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். தீபாவளி, பொங்கல், ஜனவரியில் பள்ளிச் சீருடை, எல்லாவற்றுக்கும் துணி அங்கேதான். கலியாண வீட்டுக்கு வேண்டிய உடுப்பைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு பஸ் காத்தான்குடியில் நின்றது, யாரும் இறங்கவில்லை. ஏற வந்தவர்களுக்கும் இடம் விட்டு யாரும் நகரவில்லை. "அவர்கள் கடையில் வாங்காதீர்கள்" என்று யார் அச்சடித்தார்கள் என்றே தெரியாத துண்டுப் பிரசுரங்கள் கைக்குக் கை மாறின. வட்ஸ்அப் திறந்ததும் அதிலும் அதேதான்.

இப்போது பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் ஒன்று திரும்பவில்லை. கடன் கொப்பி. என் தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்த துணியில் பாதிக்குமேல் கடனில்தான் எடுத்தோம். கையெழுத்தில்லை, பிணையில்லை. நெல் வெட்டின பிறகு கடைக்கார வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரும் ஒரு தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் காசை எண்ணுவார். இப்போது கடன் கேட்க எங்களவர்களுக்கு மனமில்லை, கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. காசு வைத்தால் துணி. சோதனைச் சாவடிகள் போய்விட்டதால் நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் கொப்பியைத்தான் காட்ட விரும்புகிறேன்.

அந்தோனியார்வீதி (கொட்டாஞ்சேனை)

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைக்கு நான் சின்ன வயதிலிருந்தே போகிறவள். அம்மா கூட்டிக்கொண்டு போனா, பிறகு நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாயில் வருகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. திருநீறு பூசினவர்கள், வெள்ளை உடுத்த சிங்கள அம்மாமார், தலையில் முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள், எல்லாரும் வருவார்கள். காணாமல் போன பொருள், பிடிக்காத வேலை, கருத்தரிக்காத வயிறு, எல்லாவற்றுக்கும் அந்தோனியார். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்கிற பழக்கமே அங்கு இருந்ததில்லை.

குண்டுக்குப் பிறகு ஜூன் 12ஆம் தேதி, திருநாளுக்கு முதல் நாள், கோயிலைத் திரும்ப அர்ச்சித்துத் திறந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் கட்டி முடித்ததை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும். ஆனால் வாசலில் கடற்படை, பை சோதனை, உடம்பு சோதனை. பெரிய பை கொண்டு வரக் கூடாது. பங்குகளில் இளைஞர்களை வைத்துக் காவல் குழுக்கள் அமைத்தார்கள். எங்கள் பங்கில் வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொன்னது, தெரியாத முகம் என்றால் விசாரியுங்கள் என்று. ஒரு சின்னப் பங்குக் கோயிலுக்கு அது சரி. கொச்சிக்கடையில் தெரியாத முகங்கள்தானே முழுக் கூட்டமும்!

முக்காடு போட்டு வருகிற பெண்கள் முதல் இரண்டு வருடம் கண்ணிலேயே படவில்லை. இப்போது ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள். வாசலில் அவர்களுடைய பையை மற்றவர்களுடைய பையைவிடக் கூடுதல் நேரம் பார்ப்பதையும் பார்க்கிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் திறந்து காட்டுகிறார்கள்.

எனக்கு வந்த மாற்றம் என்னவென்றால், நடு வாங்கில் இருக்க முடியாது. பக்கக் கதவுக்குக் கிட்ட உள்ள ஓர இடம்தான். அது கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே பூசை பார்ப்பேன்.

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்)

எழுதியவர்களின் வலி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் எது புதிது? யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டித்தான் எங்கள் இளமை போனது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டு தற்காலிகமாக என்று சொல்லிக் கொண்டுவந்தது. கொழும்பு லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். பெயரைப் பார்த்து இறக்கிவிடுவார்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு ஏ9 வீதியில் திரும்பவும் சோதனை வந்தபோது எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. பஸ் நின்றதும் தானாக அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பத்து வருடத்தில் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன், கை மறக்கவில்லை. என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. "அப்பா, எல்லாரும் ஏன் ஒரே மாதிரிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டான். அவனுக்கு அந்தப் பழக்கம் தொற்றியது அன்றைக்குத்தான்.

குண்டு வைத்தவன் யாராக இருந்தாலும், சாவடி முதலில் எங்கள் வீதிக்குத் திரும்பி வருகிறது.

வெள்ளைச்சீருடை (மட்டக்களப்பு)

அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் நடந்ததுதான். நானும் யுத்தத்துக்குள் வளர்ந்தவள். ஆனால் இதை யார் கூடுதலாகப் பட்டோம் என்ற கணக்காக மாற்றிவிட வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். அன்றைக்கு டியூட்டியில் இருந்தேன். சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்துவிட்டு முற்றத்தில் காலைச் சாப்பாட்டோடு நின்ற பிள்ளைகள்தான் நிறையப் பேர். உள்ளே போக வந்தவனை வாசலில் ஒருவர் மறித்துக் கேள்வி கேட்டதால்தான் அவன் உள்ளே போகவில்லை, அவரும் அதிலேயே போனார். நான் பார்த்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இதை வாசிக்கக்கூடும்.

இரத்தம் கொடுக்க வந்தவர்களைப் பற்றி எழுதலாம். தமிழர், முஸ்லிம், வளாகத்துப் பிள்ளைகள், பொலிஸ்காரர் என்று வரிசை நின்றது. அதற்குள் தாடி வைத்த பையன் ஒருவன், நெற்றியில் தொழுகைத் தழும்பு. அவனுக்குப் பின்னால் நின்ற ஆள் ஏதோ சொல்ல, அவன் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றான். எங்கள் மிஸ்ஸி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தார். இவ்வளவுக்கும் அப்போது குண்டு வைத்தது யார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

வேலையில் வந்த மாற்றம் இது. முன்பு வார்டில் நோயாளியின் பக்கத்துக் கட்டிலில் யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் பகிர்வார்கள். நோன்புக் கஞ்சி எங்கள் தமிழ் நோயாளிகளுக்கும் வரும். அந்த வருடம் நோன்பு மே மாதம் தொடங்கியது. கஞ்சி வந்தது, வாங்க ஆளில்லை. "வேண்டாம் மிஸ், வயிறு சரியில்லை" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாட்டு. கொண்டுவந்த ராத்தா பாத்திரத்தை மூடித் திருப்பிக் கொண்டுபோனார்.

உண்மைவிளம்பி

எல்லாம் சரி. ஆனால் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரான் எந்த ஊர்? காத்தான்குடிதானே? அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமலா இவ்வளவு வருடம் பிரசங்கம் பண்ணினான்? கஞ்சி வாங்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். பயந்த சனம் வேறு என்ன செய்யும்? பயப்படுவது குற்றமா?

கடைத்தெரு (காத்தான்குடி)

தம்பி, பயப்படுவது குற்றமில்லை. நானும் பயந்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்களுக்கு வாய் தேய்ந்துவிட்டது, பரவாயில்லை.

2017 மார்ச் 10ஆம் தேதி அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் வாளோடு வந்து சூஃபி வழியில் போகிறவர்களைத் தாக்கினார்கள். அடி வாங்கியது எங்கள் ஊர் ஆட்கள். முறைப்பாடு கொடுத்தது எங்கள் ஊர் ஆட்கள். அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவனைப் பிடியுங்கள் என்று ஊர்வலம்கூடப் போனார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே தகவல் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாததற்காகத்தான் 2023 ஜனவரி 12ஆம் தேதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பொலிஸ்மா அதிபர், உளவுத்துறைப் பொறுப்பாளர், பாதுகாப்புச் செயலாளர் எல்லாருக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. தெரிந்தவர்கள் யார் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது.

இனி அன்றாடத்துக்கு வருகிறேன். கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. குண்டு வெடித்ததற்குப் பிறகு கடையைத் திறந்து வைத்திருந்தோம், மூடிவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்பதற்காக. ஒரு மீற்றர் துணி விற்காமல் மாலை வரைக்கும் இருந்து பூட்டிக்கொண்டு போவோம். வேலைக்கு இருந்த தமிழ்ப் பிள்ளைகளை வீட்டில் விடவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

வீடு வீடாகத் தேடுதல். ஒரு தடவை ஆமி வந்து போன பிறகு உம்மா, வீட்டில் இருந்த அரபு எழுத்துள்ள எல்லாவற்றையும் எடுத்து முற்றத்தில் குவித்தா. அதில் என்ன இருந்தது தெரியுமா? வாப்பாவின் வாப்பா காலத்து மௌலூது கிதாபு. அரபுத் தமிழில் எழுதினது, தமிழைத்தான் அரபு எழுத்தில் எழுதியிருப்பார்கள். நாங்கள் சொன்னோம், இது தமிழ்தான் உம்மா, ஒன்றும் ஆகாது என்று. "வாறவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டா. எரித்துவிட்டோம். எங்கள் தெருவில் நாங்கள் மட்டும் இல்லை. ஊரில் பெயர்ப்பலகைகளில் இருந்த அரபு எழுத்துகளும் இறங்கின.

இறைச்சி வெட்டுகிற கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தோம். அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. துணிக்கடைக்காரன் வீட்டில்.

உண்மைவிளம்பி தம்பிக்கு ஒன்று. எங்கள் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா குண்டுதாரிகளின் உடலைப் பொறுப்பெடுக்க மாட்டோம் என்று சொன்னது. சீயோனில் குண்டு வைத்தவனின் உடற்பாகத்தைக் கள்ளியங்காட்டு மயானத்தில் இரகசியமாகப் புதைத்தபோது உங்கள் சனம் வீதியில் இறங்கியது. நியாயம்தான். அவனுக்கு எங்கள் ஊர் மையவாடியிலும் இடமில்லை.

மட்டுவாவி அண்ணன் கொப்பியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது.

நெறியாளர்

பாதிக்கப்பட்ட தனியாட்களின் பெயர், வீட்டு விபரம் எதுவும் இங்கே வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி. கேள்வி கேட்பது பிரச்சினையில்லை, ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் பதிவுகள் நீக்கப்படும்.

மட்டுவாவி (மட்டக்களப்பு)

வடமராட்சியான் அண்ணன் எழுதியதற்கு ஒன்று சேர்க்கிறேன். வவுணதீவு ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 30ஆம் தேதி விடிய, சாவடியில் இரண்டு பொலிஸ்காரரைக் கொன்றார்கள். உடனே யாரைப் பிடித்தார்கள்? முன்னாள் போராளி ஒருவரை. எங்கள் பக்கத்தில் புனர்வாழ்வு முடித்து மேசன் வேலை, தோட்ட வேலை என்று குடும்பத்தோடு இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கிழமையிலிருந்து நித்திரை போனது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் அதைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரியவந்தது. பிடித்தவரை 2019 மே மாதம்தான் விட்டார்கள். வழமையான ஆட்களைப் பிடித்துவிட்டோம் என்று இருந்திராமல் அன்றைக்கே சரியாகத் தேடியிருந்தால் சீயோன் பிள்ளைகள் இன்றைக்கு வளர்ந்திருப்பார்கள். பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுவது எங்களுக்கு அநியாயம் என்று மட்டும் நினைத்திருந்தோம். அது குற்றவாளிக்கு வழி விடுகிற வேலை என்பதை நான் வவுணதீவில்தான் விளங்கிக்கொண்டேன்.

அதனால்தான் எங்கள் சனம் பகிஷ்கரிப்புத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்க்க எனக்குத் தாங்க முடியவில்லை. ஓமந்தையில் நின்றவர்கள் நாங்கள்.

வடமேல்_ஆசிரியை (குருநாகல் மாவட்டம்)

சலாம், வணக்கம் எல்லாருக்கும். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் முகம் பார்த்துப் பேசக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள். நாங்கள் சுற்றிவரச் சிங்கள ஊர்கள் இருக்கிற சின்ன ஊர்.

ஏப்ரல் 29இலிருந்து அவசரகால விதியில் முகம் மூடத் தடை. நான் முகம் மூடுகிறவள் இல்லை, அபாயாவும் முக்காடும்தான். சட்டம் முகத்தை மட்டும்தான் சொன்னது, ஆனால் பஸ் கொண்டக்டர், வங்கிக் காவலாளி, மருந்தகத்து வாசல் ஆள், எல்லாரும் தங்களுக்கு வேண்டியபடி சட்டத்தை நீட்டிக்கொண்டார்கள். "அதைக் கழற்றிவிட்டு வா" என்பார்கள். அப்புறம் மே மாதக் கடைசியில் அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் சாரிதான் உடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. எதிர்ப்பு வந்ததும் திருத்தினார்கள். அதற்குள் பலர் வேலைக்கே போகாமல் லீவு போட்டார்கள். ஹசலக்கவில் ஒரு பெண், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸ் சொன்னதால் சிறைக்குப் போனார். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் அலுமாரியைத் திறந்து வட்டமாக ஏதாவது அச்சடித்த உடுப்பு இருக்கிறதா என்று தேடினோம்.

மே 13. அன்றைக்குத்தான் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேலே ஒரு கிழமைக்கு முன்பே திறந்திருந்தது, வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை. பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்று பை பார்த்தார்கள், சில இடங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை கேட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானாகத் திறந்து காட்டும், யாரும் கேட்காமலே.

அன்றைக்குப் பின்னேரம்தான் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை எல்லாம் எரிந்தது. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். ஊரடங்கு போட்ட பிறகும் வந்தார்கள். நாங்கள் வயலுக்குள் போய் இருந்தோம். வாப்பா நோன்பு திறந்தது வாய்க்கால் தண்ணீரில். கொட்டாரமுல்லையில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். எங்கள் பக்கத்து ஊர் சிங்கள ஐயா ஒருவர் டோர்ச்சோடு வந்து "டீச்சர், என் வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். போகவில்லை. அவரை நம்பாமல் இல்லை. எங்களால் அவருடைய வீடு எரிந்துவிடக் கூடாது என்றுதான்.

அந்த இரவு விடுவதாயில்லை. இப்போதும் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, என் சான்றிதழ்கள், கொஞ்ச நகை. மகள் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் கேட்டாள், "இதையும் அந்தப் பைக்குள் வைக்கவா உம்மா?" என்று.

ஆஸ்பத்திரியைப் பற்றி மிஸ் எழுதியிருந்தார். குருநாகல் வைத்தியர் ஷாபியின் மேல் கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். சிங்களத் தாய்மாரைக் கருத்தடை செய்துவிட்டார் என்று பத்திரிகையில் போட்டார்கள், பிடித்து அடைத்தார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை, வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார் அவர். ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு எங்கே போவது என்று யோசித்தார்கள், சிங்களப் பெண்கள் முஸ்லிம் வைத்தியரிடம் போக யோசித்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு இரண்டு பக்கமும் பயந்தது.

பாசிக்குடா_அலை (கல்குடா)

நான் ஹோட்டலில் வேலை செய்தவன், அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2018 மே மாதம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஒரு இலட்சத்து 29 ஆயிரம். 2019 மே மாதம் 38 ஆயிரம்கூட இல்லை. எங்கள் பக்கத்துக்குக் காலம் தொடங்குவதே ஏப்ரலில், கடல் அப்போதுதான் அமைதியாகும். குண்டு சரியாக அந்த வாசலில் விழுந்தது. திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளைக்காரர்கள் பெட்டியைக் கட்டினார்கள். மீன் கொண்டுவருகிறவர், சலவைக்காரர், ஓட்டோக்காரர், ஹோட்டலுக்குப் பூ கட்டிக் கொடுத்த அம்மா, எல்லாருக்கும் வருமானம் ஒரே நாளில் நின்றது.

அப்புறம் கொரோனா, அப்புறம் 2022 பொருளாதார நெருக்கடி. எது குண்டால் போனது, எது மற்றதால் போனது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லீசிங்கில் எடுத்த ஓட்டோவைக் கம்பனிக்காரன் இழுத்துக்கொண்டு போனது 2019 செப்டெம்பரில். அது குண்டுதான். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்குக் கட்டாரிலும் துபாயிலும்.

கட்டுவ_கரை (நீர்கொழும்பு)

எங்கள் வீட்டில் அம்மம்மா தமிழ், நாங்கள் படித்தது சிங்களம். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கட்டுவாப்பிட்டிதான் எங்கள் கோயில். இங்கேதான் கூடுதலான பேர் இறந்தார்கள், நூறுக்கு மேலே. ஒரே வீட்டில் நாலு பேர், ஐந்து பேர் போன வீடுகள் இருக்கின்றன. இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவவில்லை, கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நிறையக் குடும்பங்கள் ஒன்றாகப் பூசைக்குப் போவதில்லை. அப்பாவும் மூத்த பிள்ளையும் காலைப் பூசை, அம்மாவும் சின்னவர்களும் மாலைப் பூசை. யாரும் இதைப் பேசித் தீர்மானிக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். உயிர்த்த ஞாயிறு என்றால் எல்லாரும் புதுச்சட்டையோடு ஒரே வாங்கை நிரப்பி இருப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

இன்னொன்று, இதை யாராவது எழுத வேண்டும். எங்கள் தெருக்களில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான் அகதிகள். அஹ்மதியா பிரிவினர் நிறைய, கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய நாட்டில் இதே மாதிரி ஆட்களுக்குப் பயந்து ஓடிவந்து, ஐ.நா. மூலம் வேறு நாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள். குண்டுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் இரவோடிரவாக வெளியேற்றினார்கள். ஆயிரம் பேரளவில் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்து வாகனத் தரிப்பிடத்திலும் படுத்துக் கிடந்தார்கள். பிறகு பஸ்யாலைக்கும் வவுனியா பூந்தோட்டத்துக்கும் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பையன். எங்கள் மகனோடு கிரிக்கெட் விளையாடுவான், ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் கலந்து கத்துவான். போகும்போது மட்டையை எங்கள் கேற்றுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்த நாட்டுக்குப் போனார்களோ, போக முடிந்ததோ. கேட்டு அறிய ஒரு வழியும் இல்லை.

கடைத்தெரு (காத்தான்குடி)

இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். டீச்சர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

மட்டுவாவி அண்ணன், கொப்பிக்கு வருகிறேன். வாப்பாவின் கொப்பியில் ஏப்ரல் 21க்கு முன் எழுதின கடன் நிறைய இருந்தது. தமிழ் ஊர்க் கடன்தான் கூடுதல். கேட்டுப் போகவில்லை, எப்படிப் போவது? அந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் ஆள் உங்கள் ஊருக்குள் கடன் கேட்டு வந்தால் என்ன ஆகும்? ஆனால் காசு வந்தது. எல்லாரிடமிருந்தும் இல்லை. சிலர் ஆள் மூலம் அனுப்பினார்கள், கடைக்கு வந்தது தெரிந்தால் ஊரில் பேச்சு வரும் என்று. ஆரையம்பதியிலிருந்து ஒரு ஐயா மட்டும் சைக்கிளில் நேரே வந்து எண்ணிக் கொடுத்தார். வாப்பா அன்றைக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். கொடுக்காதவர்களின் பக்கங்களை அவர் மௌத்தாவதற்கு முன் கிழித்துவிட்டார். கொடுக்க முடியாத காலம் என்று சொன்னார், கொரோனாவும் வந்திருந்தது.

கொரோனாவில் எங்கள் மையித்துகளை அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்களே, அதைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம். என்னைப் பொறுத்தவரை அது ஏப்ரல் 21இன் தொடர்ச்சிதான். அந்தக் குண்டு எங்கள் மேல் கட்டிய பெயர் இல்லாவிட்டால் அப்படி ஒரு உத்தரவை நாடு பார்த்துக்கொண்டு இருந்திருக்காது.

கடன் இப்போது கொடுப்பதில்லை, அது சரிதான். ஆனால் மனமில்லாமல் மட்டும் இல்லை அண்ணன். மொத்த வியாபாரி எங்களுக்கே கடன் தருவதில்லை. 2022க்குப் பிறகு எல்லாம் கைக்காசு.

உண்மைவிளம்பி

காக்கா, அலியார் சந்தி விசயம் எனக்குத் தெரியாது. தேடி வாசித்தேன். என் மச்சினியின் பிள்ளை சீயோனில் போனவள், அதனால்தான் அப்படிக் கேட்டேன். இப்போதும் கேள்வி இருக்கிறது. உங்களிடம் கேட்க வேண்டியது இல்லை என்பது மட்டும் விளங்குகிறது.

கடைத்தெரு (காத்தான்குடி)

தம்பி, பிள்ளைக்காகக் கேட்கிறவர் யாரிடமும் கேட்கலாம். என்னிடமும் கேட்கலாம்.

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்)

வெள்ளைச்சீருடைத் தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், கணக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் விடாமல் வைக்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பிடிக்கப்பட்ட முஸ்லிம் பிள்ளைகளை அடைத்து வைத்தது எங்கள் பிள்ளைகளை அடைத்த அதே 1979 சட்டத்தில்தான். தமிழில் கவிதை எழுதிய ஒரு முஸ்லிம் இளைஞரை 2020இல் பிடித்து ஒன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் கவிதைகளை வாசித்து விளங்கத் தமிழ் தெரிந்த ஒரு ஆளைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவருக்காக யாழ்ப்பாணத்தில் நாங்கள் கையெழுத்துச் சேகரித்தபோது வீட்டுக்கு வீடு கேட்ட கேள்வி, "எங்களுக்காக அவர்கள் எப்போது கையெழுத்துப் போட்டார்கள்?" என்பது. அந்தக் கேள்வியோடுதான் இன்னமும் மல்லுக்கட்டுகிறேன்.

வெள்ளைச்சீருடை (மட்டக்களப்பு)

அண்ணா, அந்தக் கேள்வியை எங்கள் வார்டிலும் கேட்கிறார்கள். கஞ்சியைப் பற்றிக் கேட்டு மூன்று பேர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள், அதனால் இங்கேயே பதில் சொல்கிறேன். இப்போதும் வருகிறது. வாங்குகிற தமிழ் நோயாளிகளும் இருக்கிறார்கள், வயதானவர்கள்தான் அதிகம். இளம் ஆட்கள் இன்னமும் வாங்குவதில்லை. டீச்சர், உங்கள் பக்கத்தில் பிரசவத்துக்குப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். குருநாகலில் என்னோடு பயிற்சி எடுத்த சிங்களப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், பேசிப் பார்க்கலாம்.

வடமேல்_ஆசிரியை (குருநாகல் மாவட்டம்)

எழுதுகிறேன் மிஸ். இந்த மாதம் இரண்டு பேருக்கு நாள் குறித்திருக்கிறது, ஒருவர் முதல் பிரசவம். இன்றைக்கு இரவே எழுதுகிறேன்.